பக்ரீத் ஃப்ரீசரில் ஒரு மனுச எலும்பு

நான் ஒரு மடையன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்ளும் சிரமம் வேண்டாம்.

மடையர்களிலும் ரகம் உண்டு. சாதாரண மடையன் மும்பையில் ஸ்லோ ரயில் என்று நினைத்து ஃபாஸ்ட் ரயிலில் ஏறி, சயானில் இறங்க வேண்டியவன் காட்கோபரில் இறங்கி அசடு வழிவான். அவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. தன் புத்தியின் மேல் அவனுக்கே நம்பிக்கை கிடையாது என்பதால் நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வான். நான் அந்த ரகமில்லை. நான் கெட்டிக்கார மடையன். எங்களுக்கு யோசனைகள் தோன்றும். தோன்றிய மாத்திரத்தில், பாருங்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மார்க்கர் பேனாவும் கிடக்கும்.

அப்போது நான் செம்பூரில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வேண்டிய நுணுக்கமான சரக்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுக்கிற கம்பெனி. என் பதவியின் பெயர் ‘கோல்டு செயின் எக்சிகியூட்டிவ்’. (ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு போகிறவன் என்று பொருள். எனக்கும் குல்ஃபிக்காரருக்கும் உள்ள வித்தியாசம், அவருக்கு மணி உண்டு.)

தாராவியில் எங்கள் சந்துக்கு இந்த விளக்கம் போய்ச் சேரவில்லை. உம்மா என்னை விஞ்ஞானி என்றே அறிவித்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் தன் முழங்கால் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். நானும் அதை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, ‘ம்ம்’ என்பேன். (தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகு தெரிந்தது. அவர் குறை சொல்லவில்லை. ‘ம்ம்’ அவருக்குத் திருப்தியாக இருந்ததாம்.)

இந்தக் கதையின் நாயகன் ஒரு குப்பி. சுண்டுவிரல் நுனி அளவு. அதற்குள் இருந்தது மனித எலும்புப் புரதம். நம் உடம்பில் ‘இந்த இடத்தில் எலும்பு வளரட்டும்’ என்று உத்தரவு போடுகிற சங்கதி. ஆனால் அதை எந்த மனிதனிடமிருந்தும் எடுப்பதில்லை. அந்தப் புரதத்தைச் செய்வதற்கான மரபணுக் குறிப்பை மட்டும் ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைத்துவிட்டால் போதும், அது தன் பாட்டுக்குச் செய்து தள்ளும். மாட்டுங்கா மெஸ்ஸில் நேபாளத்து மாஸ்டர் சாம்பார் வைக்கிறாரே, அந்த மாதிரி. குறிப்பு பாலக்காடு, கை காத்மாண்டு. சாம்பாரில் இமயமலை தட்டுப்படுகிறதா? இல்லையே! அதே விஷயம்தான். பிறகு அதைச் சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று ஒட்டி அனுப்புவார்கள். பொடி என்றால் கண்ணுக்குத் தெரிகிற பொடி இல்லை. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காலியாகத்தான் இருக்கும். விலையைக் கேட்டால் நம் எலும்பு உருகும்.

வரவழைத்தவர் வைதேகி மேடம். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், பி.எச்டி. கடைசி வருடம். வாரக்கணக்காக ஒரு தட்டில் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் குழந்தைக்குப் பால் காட்டுவதுபோல, ஞாயிற்றுக்கிழமைகூட லேபுக்குப் போய் அவற்றுக்கு உணவு மாற்றிவிட்டு வருவார். அந்தச் செல்கள்மேல் இந்தப் புரதத்தைப் போட்டால் அவை எலும்பாக மாற வேண்டும். மாறினால் தீசிஸ் முடியும். பக்ரீத்துக்கு முந்தின நாள் எனக்குப் போன் செய்தார்.

“நசீர், சரக்கு கஸ்டம்ஸ்லேர்ந்து வந்துடுத்தா?”

“இப்பதான் கையில வாங்குனேன் மேடம்.”

“நாளைக்கு லீவு. மறுநாள் கார்த்தால எனக்கு வேணும். செல்ஸ் ரெடியாயிடும். அதுக்கு மேல வெச்சிண்டிருந்தா ஒண்ணுக்கும் ஆகாது. ஃபெல்லோஷிப் இந்த மாசத்தோட முடியறது. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்க என்கிட்ட காலமும் இல்லை, இன்னொரு குப்பியும் இல்லை. புரியறதா?”

“என் கண்ணு மாதிரி பாத்துக்குவேன் மேடம்.”

(எனக்குக் கண்ணாடியின் பவர் வருடா வருடம் ஏறுகிறது. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.)

மேனேஜரும் தெளிவாகத்தான் சொன்னார்: “செம்பூர் வந்து ஆபீஸ் ஃப்ரீசரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போ.” அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. செம்பூர் போய்த் திரும்புவதற்குள் டெய்லர் கடையை மூடிவிடுவான், என் புதுச்சட்டை உள்ளே மாட்டிக்கொள்ளும். இங்கேதான் முதல் யோசனை தோன்றியது. ஆபீஸில் இருப்பதும் ஃப்ரீசர்தான், வீட்டில் இருப்பதும் ஃப்ரீசர்தான். ஃப்ரீசருக்கு வீடு எது, ஆபீஸ் எது என்று தெரியுமா?

சட்டை அருமையாக வந்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

பெட்டியை வீட்டு ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் எனக்கு வேறொரு பயம் வந்தது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் வருடத்தில் மற்ற நாளெல்லாம் எங்களுடையது. பக்ரீத்தன்று அது சந்தின் பொதுச்சொத்து. குர்பானிக் கறி வர வர, ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரர்களும் தங்கள் பங்கைப் பையில் கட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் ராத்தா, அதாவது அக்கா, ஃப்ரீசரை நிர்வகிக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! விரார் ரயிலில் ஆள் ஏற்றுகிற மாதிரி அடுக்குவாள். கறிக்கு இடமில்லை என்றால் கறி அல்லாத எதையும் இரக்கமில்லாமல் இறக்கிவிடுவாள். முந்தின வருடம் நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பா ஈரலுக்கு இடம் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து உருகியது.

எனவே இரண்டாவது யோசனை. மார்க்கர் பேனாவை எடுத்தேன். ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதினேன்:

‘மனுச எலும்பு. யாரும் தொடாதீங்க.’

உம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும் என்பதால் தமிழில். கீழே ஒரு மண்டையோடும் வரைந்தேன். எனக்கு ஓவியம் வராது. மண்டையோடு லேசாகச் சிரித்தபடி, கொஞ்சம் எங்கள் மச்சான் (ராத்தாவின் புருஷன்) சாயலில் வந்தது. ஒட்டிவிட்டு, தூர நின்று ரசித்துவிட்டு, நிம்மதியாகப் படுத்தேன். கெட்டிக்கார மடையனுக்குத் தூக்கம் மட்டும் எப்போதும் நன்றாக வரும்.

மறுநாள் தொழுகை முடிந்து கட்டித் தழுவல் எல்லாம் ஆனதும், வடாலாவில் இருக்கும் சாச்சி வீட்டுக்கு எங்கள் பங்குக் கறியைக் கொடுக்கப் போனேன். அங்கே பிரியாணி. பிரியாணிக்கு நடுவே போன் அதிர்ந்தது. தொழுகைக்காக ஊமையாக்கியது அப்படியே இருந்தது. மச்சான். மறுபடி மச்சான். மறுபடியும் மச்சான். வரும்போது கொத்துமல்லி வாங்கி வா என்பார், வேறென்ன? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் தாண்டி வீடு திரும்பினால், வீடு வீடாக இல்லை. டிவி அணைந்து கிடந்தது. உம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். ராத்தாவின் கண்கள் சிவந்திருந்தன. மச்சான் தொப்பியோடு வாசலில் நின்று காலில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். பெருநாளும் அதுவுமாக இப்படி ஒரு அமைதி.

“என்ன மச்சான்? யாரு மவுத்தாப் போனது?”

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பக்கத்துத் தெருவில் தோல்பை தைக்கிற கார்கானா வைத்திருக்கிறார். அதிகம் பேசாதவர்.

“யாருன்னு எங்களைக் கேட்டா? நீதாம்ல மாப்ள கொண்டாந்த.”

எனக்குப் புரியவில்லை. புரியாமலே கால்கள் ஃப்ரிட்ஜை நோக்கிப் போயின. ஃப்ரீசரைத் திறந்தேன். கறி. பின்னால் கறி. அடியில் கறி. பெட்டி இல்லை.

“உம்மா… அந்தப் பெட்டி?”

“அல்லா காப்பாத்தணும். நல்லபடியா அடக்கம் பண்ணியாச்சுல” என்றாள் உம்மா.

நான் சிரித்தேன். (ஆமாம், சிரித்தேன். பயம் முற்றினால் எனக்கு அப்படித்தான்.) சிரித்ததைப் பார்த்து உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னல சிரிப்பு? கூறுகெட்ட மூதி! குர்பானிக் கறியும் மனுச எலும்பும் ஒரே ஃப்ரிட்ஜுக்குள்ள கெடக்கலாமால? யாரு பெத்த பிள்ளையோ, எந்த ஊருல செத்துச்சோ, அத ஐஸ்ல வச்சு ஸ்கூட்டர்ல தூக்கிட்டு அலையுதியே. இதுவா ஒனக்கு உத்தியோகம்?”

“உம்மா, அது…”

“நீ எழுதி ஒட்டுனதை மட்டும் நம்பல மாப்ள” என்றார் மச்சான். “பெட்டியில இங்கிலீஷ்ல இருந்ததையும் படிச்சேன். ஹ்யூமன்னு போட்டுருக்கு. போன்னும் போட்டுருக்கு, எலும்பு. ஒனக்கு போன் அடிச்சா நீ எடுக்கல. பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்ட கேட்டேன். மனுச உடம்போட துண்டா இருந்தா கண்ணியமா மண்ணுல வைக்கணும், தூரப் போடக் கூடாதுன்னாவோ. ஆஸ்பத்திரியில எடுத்த கை காலெல்லாம் அப்படித்தான வைக்காங்க.”

பிறகு நடந்ததை ராத்தா சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கடைசியில் தரையில் இருந்தேன்.

பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஐஸ் பைகளுக்கு நடுவே அந்தக் குப்பி. உம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். ஒன்றுமே தெரியவில்லை. “ஒரு மனுசன் கடைசியில இம்புட்டுதானா!” என்று அழுதிருக்கிறாள். அவள் அழ, ராத்தா அழ, பக்கத்து வீட்டுக்காரியும் என்ன ஏது என்று கேட்காமலே வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். பிறகு குப்பியைக் கழுவி—

“கழுவுனீங்களா!”

“மேலாலதாம்ல. மூடியத் தொறக்கல. தெரியாதவோ முகத்தத் தொறக்கலாமா?”

—கழுவி, துடைத்து, அத்தர் தடவி, மச்சானின் கார்கானாவில் பைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற வெள்ளை லைனிங் துணியில் புதுசாகக் கிழித்து, கபன் துணியாகச் சுற்றி, மச்சான் கையில் கொடுத்துக் கபர்ஸ்தானுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிறு குழந்தைகளையும் துண்டான உறுப்புகளையும் அடக்குகிற மூலையில் ஒரு சின்னக் குழி. வேலை முடிந்தது.

“அந்தத் தெர்மாகோல் பெட்டி எங்க?” என்று கேட்டேன். வேறெதுவும் கேட்க வரவில்லை.

“அதுல கறி வச்சு உல்லாஸ்நகர்ல எங்க மைனி வீட்டுக்குக் கொடுத்து விட்டாச்சு. ஐஸும் சும்மா கெடந்துச்சுல்லா.”

“நான் ஒட்டுன பேப்பரு?”

ராத்தா யோசித்தாள். “பெட்டியோடதான் போச்சு. பரவால்ல, அங்க யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.”

உல்லாஸ்நகரில் ஒரு குடும்பம் ‘மனுச எலும்பு’ என்று எழுதிய பெட்டியிலிருந்து கறி எடுத்துச் சமைத்துக்கொண்டிருந்த அந்த வேளையில், நான் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இளக்காரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையாகவே அழுதேன். என் வேலை போவதை நினைத்து ஒரு பங்கு அழுகைதான். மீதியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் செல்களுக்குச் சோறூட்டிய அந்தப் பெண்ணை நினைத்து. காலையில் தட்டைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் காத்திருப்பார். நான் வெறுங்கையோடு போய், ‘மேடம், உங்க அஞ்சு வருஷத்தை நேத்து எங்க வீட்டுல கபன் சுத்தி அடக்கம் பண்ணிட்டோம்’ என்று சொல்ல வேண்டும்.

“உம்மா, அது மனுசன் இல்ல உம்மா. பாக்டீரியா செஞ்சது. கிருமி.” நேபாளத்து மாஸ்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். உம்மா பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப அதுல எலும்பே கெடையாது?”

“கெடையாது.”

“மனுசனும் கெடையாது?”

“கெடையாது.”

“பின்ன எந்த மூதில அப்படி எழுதி ஒட்டுனது?”

எழுந்து செருப்பைத் தேடினேன்.

கபர்ஸ்தானுக்குப் போனோம். நான், மச்சான், கூடவே உம்மா. (“நான்தான அனுப்புனேன், நானே வாரேன்” என்று கிளம்பிவிட்டாள். பெண்கள் உள்ளே வர மாட்டார்கள் என்பதால் கேட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்றாள்.) மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. குழி வெட்டுகிற சாதிக் பாய் புது ஜிப்பாவில் உட்கார்ந்து ஷீர் குர்மா பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

“ஒருவாட்டி மண்ணு போட்டா போட்டதுதான். வாபஸ் நை.”

“பாய், அது மனுசன் இல்ல பாய். பாக்டீரியா.”

“க்யா பாத் ஹை! காலைல மனுசன், சாயங்காலம் பாக்டீரியா. நாளைக்கு வந்து ஆட்டுக்கால்னு சொல்லுவீங்க, சூப்பு வைக்கக் கொடுன்னு கேப்பீங்க. நாங்க என்ன ஓட்டலா நடத்துறோம்?”

“அல்லாவுக்காகப் பாய்…”

“அல்லாவுக்காகத்தான் சொல்லுறேன். மனுசன்னு சொல்லி வச்சதை நோண்டி எடுத்தா பாவம் யாருக்கு? வெவரம் தெரிஞ்ச ஆளு யாராச்சும் சொல்லட்டும். நீ சொன்னா நான் நம்ப மாட்டேன்.”

(அவர் என்னை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார். எவ்வளவு சரியான கணிப்பு!)

விவரம் தெரிந்த ஆள் ஒருவர்தான். இந்த உலகத்தில் நான் விஷயத்தை மறைக்க நினைத்த ஒரே ஆளும் அவர்தான். போன் போட்டேன். லேபில்தான் இருந்தார். பின்னால் ஏதோ இயந்திரம் ரீங்கரித்தது.

“ஈத் முபாரக் நசீர்! பத்திரமா இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“எங்கே வெச்சிருக்கேள்?”

“மண்ணுல மேடம்.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். டெய்லர், மழை, மார்க்கர், கபன், அத்தர். முடித்ததும் அவர் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திட்டியிருந்தால் தேவலை. “ஓ” என்றார். அவ்வளவுதான். அப்படி ஒரு ‘ஓ’வை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

சாதிக் பாய் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். “மேடம்ஜி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது ஹ்யூமனா, ஹ்யூமன் இல்லியா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் பி.எச்டி. படிக்கிறவர்களிடம் ஒரு பெரிய குறை, பொய் வராது. பாதிப் பொய்கூட வராது.

“சீக்வென்ஸ், அதாவது குறிப்பு, ஹ்யூமன்தான்” என்றார் வைதேகி மேடம். “ஆனா எக்ஸ்பிரஸ் பண்ணினது பாக்டீரியாலே…”

“ஹ்யூமன்தான்னு அவங்களே சொல்லுறாங்க!” சாதிக் பாய் வெற்றியோடு கடைசி முந்திரியை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் சேற்றில் அப்படியே உட்கார்ந்தேன். புதுச்சட்டையும் முடிந்தது. இனி எழுந்திருக்கப் போவதில்லை, என்னையும் அந்தச் சின்னக் குழிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடட்டும் என்று தோன்றியது. ஆழம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்போது கேட்டுக்கு வெளியிலிருந்து உம்மாவின் குரல். “ஏல நசீரு, போனை இங்கன கொண்டா.”

கம்பிக்கு நடுவே கொடுத்தேன். உம்மா அதைக் காதில் வைக்கத் தெரியாமல் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கர் என்பதால் எல்லோருக்கும் கேட்டது.

“ஏ பிள்ள, நான் இவனைப் பெத்தவ பேசுதேன். எனக்குப் படிச்ச பேச்செல்லாம் வேண்டாம். அது யாரு பெத்த பிள்ளைன்னு மட்டும் சொல்லு.”

“யாரும் பெக்கலைம்மா. ஒரு பெரிய டாங்க்ல வளர்ந்தது.”

“அதுக்குன்னு ஒரு மனுசனும் சாவலியே?”

“யாரும் சாகலைம்மா. யாருக்கும் வலிக்கக்கூட இல்லை.”

“அப்ப அதுக்கு அழ ஆளு யாரும் கெடையாதா?”

வைதேகி மேடத்தின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

“நான்தாம்மா அழணும். அது இல்லேன்னா என்னோட அத்தனை வருஷமும் போச்சு.”

உம்மா போனை இறக்கினாள். கம்பி வழியே உள்ளே பார்த்தாள்.

“சாதிக்கு, தோண்டுப்பா. செத்தவங்க யாரும் இல்ல. உசிரோட ஒருத்தி அங்க அழுதா.”

சாதிக் பாய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஜிப்பாவின் கையை மடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

குழி சின்னதுதான், ஆனால் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. லைனிங் துணி சேற்று நிறமாகிவிட்டது. பிரித்தால், உள்ளே குப்பி. லேபிள் கழன்று துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே எப்போதும்போல ஒன்றும் தெரியவில்லை. வைதேகி மேடம் சொன்னபடி உடனே எடுத்துக்கொண்டு லேபுக்குப் பறந்தேன். ஐஸ் இல்லை, பெட்டி இல்லை, சட்டைப்பையில், நெஞ்சோடு.

அவர் குப்பியை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“என்ன வாசனை?”

“மஜ்முஆ அத்தர் மேடம். வீட்டுல இருக்குறதுலயே நல்லது.”

குப்பியைப் பலமுறை துடைத்து, ஒரு இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினார். நான் சேறு சொட்டச் சொட்ட வாசலில் நின்றேன்.

“உசிரோட இருக்குமா மேடம்?”

“கரைச்சு வெச்சிருந்தா போயிருக்கும். பொடியா இருக்கறதால தாங்கலாம். தாங்காமலும் போகலாம். போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“மூணு நாலு வாரம் ஆகும்.”

அந்த வாரங்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது. சாப்பாடு இறங்கவில்லை. உண்மையை மேனேஜரிடம் நானே சொன்னேன். (வேறு வழியில்லை. கஸ்டம்ஸில் வாங்கிய பெட்டி எங்கே என்று கேட்டார். ‘உல்லாஸ்நகரில் கறியோடு’ என்று ஆரம்பித்தால் மீதியையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?) முடிவு தெரியும்வரை என்னை எதையும் தொட வேண்டாம் என்றார். ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்திருந்தேன். உம்மா தினமும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்: “அந்தப் பிள்ளைக்கு எலும்பு வந்துச்சால?” இல்லை என்றால் தொழுது துஆ கேட்க முசல்லாவை விரித்துவிடுவாள். சாதிக் பாய்கூட ஒரு தடவை மச்சானிடம் விசாரித்தாராம். மும்பையிலேயே ஒரு தட்டுச் செல்லுக்காக ஒரு கபர்ஸ்தானும் ஒரு வீடும் சேர்ந்து துஆ செய்தது அதுதான் முதல்முறையாக இருக்கும்.

ஒரு மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. வட்டத் தட்டு, அதில் சிவப்புத் திட்டுத் திட்டாகச் சாயம். எலும்பு படிந்த இடத்தில் மட்டும் ஏறுகிற சாயமாம். உம்மாவிடம் காட்டினேன்.

“ரத்தமால?”

“எலும்பு உம்மா.”

உம்மா அந்தப் படத்தை ஜூம் செய்யத் தெரியாமல் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

வைதேகி மேடம் பிழைத்தார். நான் பிழைத்தேன் என்று முழுசாகச் சொல்ல முடியாது. வேலை போகவில்லை, ஆனால் ஸ்கூட்டர் போயிற்று. மேனேஜர் என்னைப் பில் போடுகிற மேசைக்கு மாற்றினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். என் கைக்குக் காகிதம் தவிர வேறெதுவும் வருவதில்லை. ஐஸில் வந்த எதையாவது நான் தாண்டிப் போனால்கூட கோடவுன் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். சந்தில் என் பெயர் ‘எலும்பு நசீர்’. எதிர்வீட்டுக்காரர் எக்ஸ்ரேயை இப்போது வேறு யாரிடமோ காட்டுகிறார். வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும், அது குக்கர் மூடியாக இருந்தாலும் சரி, மச்சான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத்தான் முதலில் கேட்பார்: “மாப்ள, பிரிக்கலாமா? இல்ல, குளிப்பாட்டணுமா?” என் நிக்காஹ் அன்றைக்கு, மணப்பெண்ணின் வாப்பாவிடமும் இதையே ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர் அவர், ஞாபகம் இருக்கட்டும்.

தீசிஸ் முடிந்ததும் வைதேகி மேடம் மாட்டுங்காவிலிருந்து ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். மேலே உம்மாவின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. எனக்கு ஒன்று கிடைத்தது, அதுவும் உடைந்தது. நன்றி சொல்லப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“மேடம், சரக்கை எப்படி வெச்சிருந்தோம்னு தீசிஸ்ல எழுதணும்பாங்களே. கபர்ஸ்தான் விஷயத்தை என்னன்னு எழுதுனீங்க?”

“‘ஒரு நாள் அறை வெப்பநிலையில் இருந்தது’ன்னு எழுதினேன், எந்த அறைன்னு யாரும் கேக்கலை.”